ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் திரும்பிப் படுத்தால் வீடே கறங்குகிறது

கேள்வி: எனக்கு வயது 39. குலசேகரம் பக்கம் மலையோரக் கிராமம். நானும் வீட்டுக்காரரும் ரப்பர் பால்வெட்டு வேலை பார்க்கிறோம். நான்கு மாதத்துக்கு முன்பு மார்த்தாண்டம் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது மழையில் வண்டி சறுக்கி விழுந்தோம். பின்னால் இருந்த எனக்குப் பிடரிக்கு மேலே அடி. ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் நினைவில்லை, இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அன்றே சி.டி. ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று மறுநாள் அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தோம். அதிலும் ஒன்றுமில்லை. ஆனால் வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் அரை நிமிடம் வீடே கறங்குகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. கொடியில் துணி போட அண்ணாந்து பார்த்தாலும் அப்படித்தான். மற்ற நேரத்தில் வள்ளத்தில் நிற்பது போல ஓர் ஆட்டம். சந்தைக் கூட்டத்திலும் பஸ்ஸிலும் அது கூடுகிறது. கழுத்து வலி, தலைவலி உண்டு. தலைவலிக்குத் தினமும் மாத்திரை போடுகிறேன். தலைசுற்றலுக்கும் இரண்டு மாத்திரை மூன்று மாதமாக ஓடுகிறது. மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. கடைசியாகப் பார்த்தவர் மனசுதான் காரணம் என்றார். மாமி முதலில் இருந்தே அதைத்தான் சொல்கிறார்கள். தலைக்குள்ளே ரத்தம் கட்டி மறைந்து கிடக்குமோ என்று பயமாக இருக்கிறது. திருவனந்தபுரம் போய் இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா? நான் திரும்ப வெட்டுக்குப் போக முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் அரை நிமிடம் கறங்கும், அப்புறம் நின்றுவிடும் என்ற வரி. எந்தப் பக்கம், என்ன செய்தால், எவ்வளவு நேரம் என்று மூன்றையும் அதில் சொல்லிவிட்டீர்கள். இதே வரியை அந்த மூன்று மருத்துவர்களிடமும் இப்படியே சொன்னீர்களா? அநேகமாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். அங்கே போய் உட்கார்ந்ததும் "மயக்கமா வருது டாக்டர்" என்றுதான் வாயில் வந்திருக்கும்.

நம் ஊரில் மயக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து சங்கதிகள் அடங்கிக் கிடக்கின்றன. நினைவு தப்பி விழுவதும் மயக்கம், கண் இருட்டுவதும் மயக்கம், கால் தள்ளாடுவதும் மயக்கம், கூரை சுழல்வதும் மயக்கம். கேட்கிற மருத்துவர் வெளியூர்க்காரராக இருந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார், ஸ்கேனைப் பார்ப்பார், ஒரு மாத்திரை எழுதுவார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அவர் காதில் விழுந்த சொல் அது. நீங்கள் எனக்கு எழுதும்போது மட்டும் வீட்டில் பேசுகிற 'கறங்குகிறது' என்ற சொல்லைப் போட்டீர்கள். பம்பரம் போலச் சுழல்வதற்கு நம் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கிற பழைய தமிழ்ச் சொல் அது. அடுத்த முறை மருத்துவரிடமும் அதே சொல்லைச் சொல்லுங்கள். கூடவே எவ்வளவு நேரம், என்ன செய்தால் என்பதையும் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் பயத்தைப் பேசிவிடுகிறேன். தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து, மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் இடையில் மெதுவாக ரத்தம் சேர்வது உண்மையிலேயே உண்டு. அறுபது தாண்டியவர்களுக்கும், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது வர வாய்ப்பு அதிகம். முதல் நாள் சி.டி.யில் அது தெரியாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் இரண்டு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறீர்கள். அப்படி ஏதாவது சேர்ந்திருந்தால் அதில் தெரிந்திருக்கும். ஆகவே இந்தப் பயத்துக்காக மட்டும் இன்னொரு ஸ்கேன் தேவையில்லை. புதிதாக ஏதாவது தொடங்கினால் கதை வேறு. தலைவலி நாளுக்கு நாள் ஏறுவது, வாந்தி நிற்காமல் வருவது, தூக்கத்தில் இருந்து எழுப்ப முடியாமை, ஒரு பக்கக் கை கால் சோர்வது, பேச்சு குழறுவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல ஒழுகுவது, ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, ஸ்கேன் இரண்டும் சுத்தமாக இருக்கும்போது இந்தக் கறக்கம் எங்கிருந்து வருகிறது? வீட்டை போட்டோ எடுத்தால் சுவரில் விரிசல் இருப்பது தெரியும். வயரிங்கில் லூஸ் கனெக்‌ஷன் இருப்பது தெரியாது. மூளை குலுங்கிய அதிர்ச்சியில் நரம்பிழைகள் இழுபடுவதும், அவற்றின் வேலை கொஞ்ச நாள் தாறுமாறாவதும் சாதாரண ஸ்கேனில் பதியாது. அது எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும் பார்க்க எடுக்கிற படம். 'ஒன்றுமில்லை' என்று உங்களிடம் சொன்னதற்கு, உயிருக்கு ஆபத்தான ஒன்றும் இல்லை என்றுதான் பொருள். உங்களுக்கு நோயே இல்லை என்று அந்தப் படம் சொல்லவில்லை. பெரும்பாலான பெரியவர்களுக்கு இந்தத் தொந்தரவுகள் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கிவிடும். மூன்று மாதம் தாண்டியும் இருந்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். உங்கள் விஷயத்தில் குறைந்தது மூன்று சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்று நினைக்கிறேன்.

முதலாவது, படுக்கையில் வருகிற அந்தக் கறக்கம். நான் காது மூக்கு தொண்டை மருத்துவர் என்பதால் இதைச் சொல்லவில்லை, ஆனால் இது மூளையில் இருந்து வருவதல்ல, காதில் இருந்து வருவது என்றே தோன்றுகிறது. உள்காதில் அரைவட்டமாக வளைந்த மூன்று நுண்குழாய்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. பக்கத்திலேயே ஒரு சிறு பையில் சுண்ணாம்புச் சத்தால் ஆன மணித்துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையில் அடிபட்டால் அந்தத் துகள்கள் பெயர்ந்து குழாய்க்குள் போய்விடலாம். அப்புறம் நீங்கள் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் துகள்கள் உருண்டு, உள்ளே இருக்கும் நீரைத் தள்ளும். தலை நின்ற பிறகும் நீர் நகர்வதால், இன்னும் சுழல்கிறோம் என்று மூளை நம்பும். துகள் அடியில் போய்ப் படிந்ததும் கறக்கம் நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவது அதனால்தான். இந்த நோயை ராபர்ட் பாரனி என்ற மருத்துவர் 1921-லேயே எழுதியிருக்கிறார். இந்தத் துகள்கள் மிகவும் சிறியவை. எந்த ஊரில் எடுத்தாலும் எம்.ஆர்.ஐ.யில் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டில் போதும். மருத்துவர் உங்களை உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் பாதி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைப்பார். தலை கட்டில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தொங்கும். கண்ணை மூடாமல் இருக்கச் சொல்லி, கருவிழி துடிக்கிறதா, எந்தத் திசையில் துடிக்கிறது என்று பார்ப்பார். டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952-இல் விளக்கிய சோதனை இது, இன்றும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. உங்களுக்கு மூன்று மருத்துவர்களும் இரண்டு ஸ்கேனும் ஆகிவிட்டன, ஆனால் இந்தச் சோதனை நடந்ததாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இதே கறக்கத்தோடு மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, ஸ்கேன் படங்களை ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சோதனையில் கண் துடித்தால், அதே கட்டிலில் சிகிச்சையும் முடிந்துவிடும். தலையைக் குறிப்பிட்ட வரிசையில், ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் ஒரு நிமிடம் நிறுத்தித் திருப்பினால், துகள்கள் வந்த வழியே பைக்குத் திரும்பிவிடும். ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரில் வழங்கும் முறை இது. ஊசி கிடையாது, மருந்து கிடையாது, பத்து நிமிடம்கூட ஆகாது. பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடுகிறது. ஆனால் அடிபட்டதால் வந்தது என்றால் இரண்டு காதிலும் இருக்கலாம், திரும்பவும் வரலாம், அதிகத் தடவைகள் செய்ய வேண்டி வரலாம். ஒரு தடவை செய்து போகவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். செய்த பிறகு ஓரிரு நாள் லேசாகத் தள்ளாடும். யூடியூபைப் பார்த்து வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம். உங்களுக்குக் கழுத்து வலி இருக்கிறது, எந்தக் காது என்றும் இன்னும் உறுதியாகவில்லை. கழுத்து வலியை மருத்துவரிடம் முதலிலேயே சொன்னால், கழுத்தை அதிகம் வளைக்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்துச் செய்யும் முறையும் உண்டு.

இரண்டாவது, நாள் முழுக்க வள்ளத்தில் நிற்பது போன்ற ஆட்டம். இதற்கு நீங்கள் சொன்ன உவமையே விளக்கமும் ஆகிறது. தூத்தூர், குளச்சல் பக்கம் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கரையில் இறங்கியதும் தரை ஆடுகிறது என்பார்கள். கடலில் இருந்த நாட்களில் மூளை அலைக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொண்டது. கரைக்கு வந்ததும் அதை மறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. நாம் விழாமல் நிற்பது கண், உள்காது, கழுத்தும் கால்களும் என்ற மூன்றும் தருகிற சேதியால். அடிபட்ட பிறகு காது தருகிற சேதியில் பிழை வந்தது, கழுத்தும் இறுகிப்போனது. மூளை காதை நம்பாமல் கண்ணையே பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் கண்முன் நிறைய அசையும் இடங்களில், அதாவது சந்தைக் கூட்டத்திலும் பஸ் ஜன்னல் ஓரத்திலும், ஆட்டம் கூடுகிறது. போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போதும் கூடுகிறதா என்று கவனியுங்கள்.

இதற்கு மருந்து பயிற்சிதான். மூளை திரும்பப் பழக வேண்டும் என்றால் அதற்குக் கொஞ்சம் ஆட்டம் தெரிந்தாக வேண்டும். இங்கேதான் உங்கள் மாத்திரைகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் பெயர் எழுதவில்லை. சின்னரிசின், புரோகுளோர்பெராசின் போன்றவை கறக்கம் கடுமையாக இருக்கிற முதல் சில நாட்களுக்கு நல்ல மருந்துகள். மாதக்கணக்கில் போட்டால், மூளை பழகுவதையே மெதுவாக்கிவிடும். சிலருக்குக் கை நடுக்கமும் உடம்பு இறுக்கமும்கூட வரும். சீட்டை எடுத்துப் போய், இது இன்னும் தேவையா, எப்படிக் குறைப்பது என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். தலைவலி மாத்திரையும் அப்படித்தான். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதம் தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். நீங்கள் 30 நாளும் போடுகிறீர்கள். தலைவலியோடு வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியவில்லை என்றால் அடிபட்ட பிறகு கிளம்பும் ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். கறக்கத்தை அதுவும் கூட்டும். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்றுக்கொள்வதே நல்லது. தலைசுற்றலுக்கான பயிற்சி தெரிந்தவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். தொடக்கம் எளிது. நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலைக் கை நீளத்தில் பிடித்து, பார்வையை நகத்திலேயே வைத்து, தலையை மட்டும் இடமும் வலமும் சிறிதாக ஆட்ட வேண்டும். அரை நிமிடம் போதும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. செய்யும்போது கறக்கம் கொஞ்சம் கூடும். கால் மணி நேரத்துக்குள் அடங்கினால் அளவு சரி, அதற்கு மேல் நீண்டால் அடுத்த தடவை குறைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நின்று செய்வது, சுவர் ஓரமாகக் கால்களை ஒட்டி நிற்பது, நடந்துகொண்டே தலையைத் திருப்புவது என்று படிப்படியாகப் போகும். தினமும் இருபது நிமிடம் நடங்கள். பள்ளி மைதானம் போலச் சமதளமாக இருக்கட்டும். சானல் என்கிற வாய்க்கால் கரையில் வேண்டாம். ஓய்வெடுத்தால் சரியாகும் என்று நான்கு மாதமாகப் படுத்தே இருக்கிறீர்களோ என்று தெரியவில்லை. அடிபட்ட முதல் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் முழு ஓய்வு உதவுவதில்லை, அது மீட்சியைத் தள்ளிப்போடுகிறது.

மூன்றாவது, மனசு. இதை நான் தள்ளிவிடப் போவதில்லை, மாமி சொல்கிற பொருளில் ஏற்றுக்கொள்ளவும் போவதில்லை. ஒரு முறை விழுந்த மூளை, அடுத்து விழுந்துவிடாமல் காவல் காத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அடியையும் கவனித்துக் கவனித்து வைப்போம், உடம்பு இறுகும், அந்த இறுக்கமே ஆட்டத்தைக் கூட்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற இந்த நிலையை 2017-இல் உலகளவில் தலைசுற்றல் மருத்துவர்களின் அமைப்பான பாரனி சங்கம் தனி நோயாக வரையறுத்துவிட்டது. நடிப்பவர்களுக்கு வருவதல்ல இது. இந்தப் பயிற்சிகளும், சில சமயம் மனநல மருத்துவர் தரும் மாத்திரையும், பேசித் தெளிவதும் இதைக் குறைக்கின்றன. ஆனால் மற்ற காரணங்களைத் தேடிப் பார்க்காமல் முதலிலேயே மனசு என்று முடித்துவிடக் கூடாது. உங்களுக்கு அதுதான் நடந்திருக்கிறது. மாமிக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். கோபத்தோடு வேண்டாம். வெளியில் ஒரு தழும்பும் இல்லாத நோயை நம்புவது யாருக்கும் கஷ்டம்தான்.

திருவனந்தபுரம் பக்கம்தான், போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் நாகர்கோவிலுக்கு வந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். அந்தக் கட்டில் சோதனையைச் செய்யச் சொல்லி நீங்களாகவே கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம். முந்தைய நாள் தலைசுற்றல் மாத்திரையைப் போடாமல் போனால் கண் துடிப்பு தெளிவாகத் தெரியும். வேறு எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. காது கேட்கும் திறனையும் அளந்துகொள்ளுங்கள். திருவிழாவில் சிங்காரி மேளம் கிட்டத்தில் அடிக்கும்போதோ, இருமும்போதோ, முக்கும்போதோ சுழன்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். உள்காதில் கசிவோ சிறு விரிசலோ இருக்கலாம், அதைத் தேடும் வழி வேறு. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்திலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த சோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை. கறக்கம் வரும்போது வீட்டுக்காரரை உங்கள் கண்ணைக் கிட்டத்தில் இருந்து போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்தே வைத்திருங்கள், முகத்தில் நல்ல வெளிச்சம் படட்டும். நீங்கள் போகிற நாளில் கறக்கம் வராவிட்டாலும் அந்த அரை நிமிட வீடியோ எங்களுக்கு நிறையச் சொல்லும்.

கடைசியாக வெட்டு. போக முடியும் என்றே நம்புகிறேன், ஆனால் இப்போது வேண்டாம். விடியும் முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, ஈரச் சரிவில், கையில் கத்தியோடு மரத்துக்கு மரம் போகிற வேலை அது. இருட்டில் கண் உதவாது, சரிவில் கால் உதவாது, பாவம் அந்தக் காது மட்டும்தான் தாங்க வேண்டும். அதுதான் இப்போது பழுது. உயரத்தில் வெட்டுப் போட்ட மரமாக இருந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டும், சிரட்டையில் பால் எடுக்கக் குனிய வேண்டும். இரண்டும் உங்கள் துகள்களை உருட்டும். படுக்கைக் கறக்கம் நின்று இரண்டு வாரம் ஆன பிறகு, பகல் வெளிச்சத்தில் பால் எடுப்பதில் தொடங்குங்கள். பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்கிற வேலையில் குனிந்து நிமிர்வது சுலபமாக வந்தால், சமதளத்தில் உள்ள சில மரங்களை விடிந்த பிறகு வெட்டிப் பாருங்கள். பால் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. இருட்டும் சரிவும் கடைசியாக வரட்டும். அதுவரை ஏணி வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம், ஆற்றில் தனியாகக் குளிக்க வேண்டாம். தண்ணீருக்குள் தலை சுழன்றால் மேல் எது கீழ் எது என்று தெரியாது.

பைக்கில் பின்னால் உட்காரும்போது உங்களுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கச் சொல்லுங்கள். நாகர்கோவிலுக்கு வரும்போது பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து தூரத்தில் நேராகப் பாருங்கள், ஆட்டம் கொஞ்சம் குறைவாக இருக்கும். கட்டில் சோதனையில் எந்தக் காது என்று சொன்னார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.